‘அது இப்போ கிடைக்காதே!’

டிசம்பர் சீசனில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சபா கேன்டீன் நிரம்பும் (மிருதங்க வித்வான்கள் மன்னிக்க). யார் பாடிய தோடி உசத்தி என்ற சண்டை ஓய்ந்ததும் யாராவது ஒருவர், “சமீபத்துல என்ன படிச்சேள்?” என்று கேட்பார். அவ்வளவுதான், காபி ஆறிப்போகும்.

பரிந்துரையில் முதலில் வருவது பெரும்பாலும் தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’. மற்றவர்களுக்கு அது பாபு–யமுனா கதை. சங்கீதக்காரர்களுக்கோ ரங்கண்ணா கதை. அடுத்தது ‘என் சரித்திரம்’. உ.வே. சாமிநாதையரின் தந்தை கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் கற்றவர். மகனும் மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பாடம் தொடங்கினார். தமிழாசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுப் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லாமல் இருக்க ஒரு ரசிகரால் முடியாது. புதியவற்றில், பழனி சுப்பிரமணிய பிள்ளையைப் பற்றி லலிதா ராம் எழுதிய ‘துருவ நட்சத்திரம்’, மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட ஆங்கில நூல். சீசன் முடிந்த கையோடு புத்தகக் காட்சி வந்துவிடுவதால், பாட்டுப் பட்டியல் எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் புத்தகப் பட்டியலும் வளரும்.

ஆனால் பேச்சு சூடு பிடிக்கும்போதுதான் அந்த வாக்கியம் வந்து விழும்: “அருமையான புஸ்தகம். ஆனா, அது இப்போ கிடைக்காதே!”

கிடைக்காதவை எவை என்று பார்த்தால் ஒரு வினோதம் தெரியும். நூற்றாண்டு கண்டவை பிழைத்திருக்கின்றன. எட்டயபுரத்தில் 1904இல் தெலுங்கில் அச்சான சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யைச் சென்னை மியூசிக் அகாதெமி தமிழில் பல பாகங்களாகக் கொண்டுவந்தது. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகர’மும் மறுபதிப்பு கண்டுவிட்டது. இன்று எழுதுகிறவர்களின் நூல்கள் கடையில் இருக்கின்றன. அகப்பட்டுக்கொண்டவை நடுவில் உள்ளவை. 1950 முதல் 80 வரை வித்வான்கள் கைக்காசு போட்டு அச்சிட்ட சுரக்குறிப்புப் புத்தகங்கள், சீடர்கள் எழுதிய குரு சரித்திரங்கள், நூற்றாண்டு விழா மலர்கள்.

காரணம் பாதி சட்டம், பாதி குடும்பம். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை வாரிசுகளுக்கு. 1942இல் மறைந்த உ.வே.சா.வின் நூலை இன்று யாரும் அச்சிடலாம். 1975இல் காலமான ஒரு வித்வானின் கிருதிப் புத்தகத்துக்கு அவர் பேரப்பிள்ளைகளைத் தேட வேண்டும். ஒருவர் நியூஜெர்சியில், ஒருவர் சிட்னியில். இன்னொருவருக்குத் தாத்தா புத்தகம் போட்ட விஷயமே தெரியாது. விலைபோகுமா என்று தெரியாத நூலுக்காக எந்தப் பதிப்பாளர் இத்தனை அலைவார்?

எனவே ஜெராக்ஸ். அதிலும் ஜெராக்ஸின் ஜெராக்ஸ். கதைப் புத்தகமென்றால் மங்கினாலும் படித்துவிடலாம். சுரக்குறிப்பு அப்படியல்ல. ‘ஸ’வுக்கு மேலே புள்ளி இருந்தால் தாரஸ்தாயி, கீழே இருந்தால் மந்தரம். நாலாவது பிரதியில் முதலில் காணாமல் போவது அந்தப் புள்ளிதான். வேகத்தைக் காட்டும் மேல்கோடு பாதி தேய்ந்து, இரண்டாம் காலமா முதல் காலமா என்று குழப்பும். பக்க ஓரம் வெட்டுப்பட்டால் தாளக்கோடு போச்சு. பாட்டைக் காதால் கேட்டவர் சமாளித்துக்கொள்வார். கேட்காதவர் ஒரு ஸ்தாயி தள்ளிப் பாடம் பண்ணிவிடுவார்.

ஸ்கேன் பண்ணி இணையத்தில் ஏற்றினால் தீர்ந்தது என்பவர்கள் உண்டு. பழைய தமிழ் நூல்கள் பல அப்படித்தான் இன்று கைக்கெட்டுகின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் மூலப்பிரதி அகப்படாமல் ஜெராக்ஸை ஸ்கேன் செய்தால் தொலைந்த புள்ளி திரும்பிவராது.

மூலத்தைத் தேடிப்பிடித்து மறுபடி அச்சிடுவது சங்கீத உலகம் செய்யாததல்ல. முத்துப்பழனியின் ‘ராதிகா சாந்த்வனமு’ தெலுங்குக் காவியம் சிதைந்த பதிப்பாகத்தான் கிடைக்கிறது என்று கண்ட பெங்களூர் நாகரத்தினம்மாள், சுவடி வரை தேடிப்போய் 1910இல் முழுமையாக அச்சேற்றினார். மறு வருடமே ஆபாசம் என்று அரசு தடை போட்டது, 1947இல்தான் நீங்கியது. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர் என்று அவரைக் கொண்டாடுகிற ரசிகர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பதிப்பு வேலை தெரியும்?

இப்போதைய தேவை அத்தனை தீரம்கூட இல்லை. வீட்டுப் பரணில் தாத்தாவின் பிரதி இருக்கிறதா என்று பார்ப்பது, மறுபதிப்புக்குச் சம்மதம் என்று வாரிசுகள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக்கொடுப்பது. அந்தக் கையெழுத்து வராவிட்டால், 1975இல் காலமானவரின் புத்தகம் 2036 ஜனவரியில்தான் பொதுவுக்கு வரும். அதற்குள் பரணில் கரையானும் தன் பங்குக்குப் படித்து முடித்திருக்கும்.