குழந்தையின் கண்மட்டத்தில்

இல்லத்து விழா நாள்களில் பிள்ளைகளைச் சுவரோரம் வரிசையாக நிறுத்தி, எட்ட நின்று படமெடுப்பது நம் வழக்கம். அப்படங்களில் சுவர் பெரிதாகவும் முகங்கள் சிறிதாகவும் அமைந்துவிடுகின்றன.

1936 மார்ச்சில், கலிபோர்னியாவின் நிப்போமோ என்னும் ஊரில், பட்டாணி பறிப்போர் முகாமில் வறுமையுற்றிருந்த ஒரு தாயையும் அவள் மக்களையும் டோரதியா லாங் என்னும் அமெரிக்கப் பெண்மணி படமெடுத்தார். தொலைவிலிருந்து எடுத்தவற்றில் கூடாரமே பெரிதாகத் தெரிகிறது. அவரோ சிறிது சிறிதாக நெருங்கினார். உலகப் புகழ்பெற்ற படத்தில் தாயின் முகமும், அவள் தோள்களில் சாய்ந்து முகம் திருப்பிய இரு பிள்ளைகளும், மடியில் கைக்குழந்தையுமே எஞ்சினர். அப்பிள்ளைகளின் முகம் தெரியாதிருந்தும், அவர்கள் தாயை ஒட்டி நிற்கும் பாங்கே யாவற்றையும் உரைக்கிறது.

அன்பார்ந்த பெற்றோரே, நீங்களும் நெருங்கிச் செல்லுங்கள். முழந்தாளிட்டு, கருவியைக் குழந்தையின் கண்மட்டத்திற்குத் தாழ்த்துங்கள். பின்னணியில் வேண்டாத பொருள்களை விலக்குங்கள். சன்னலொளி பக்கவாட்டில் முகத்தின்மீது விழட்டும். 'சிரி' என்று கட்டளையிடாதீர்கள். குழந்தை தன் விளையாட்டில் ஆழும்வரை காத்திருங்கள்.

கைப்பேசியில் நூறு படங்கள் எடுப்பது இன்று எளிது. ஆனால் ஐந்து வயது முகம் ஆறாம் வயதில் மீண்டும் வாராது. அம்முகத்தை ஒருமுறையேனும் அருகிலிருந்து காண்போமாக.