பழைய எஞ்சினும் புதிய பாதையும்

மைசூர் ரயில் நிலையத்துக்கு அருகில், 1979-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ரயில்வே பொருட்காட்சிச் சாலை ஒன்று இருக்கிறது. பழைய எஞ்சின்களும் வண்டிகளும் அங்கே வரிசையாக நிறுத்தப்பட்டுள்ளன. இவை யாவும் தேய்ந்து பயனற்றுப் போனமையாலேயே ஓய்வு பெற்றன என்று காண்போர் கருதுவது இயல்பே. ஆயினும், எஞ்சின் ஒன்று வேலையிழப்பதற்கு முதுமை மட்டுமே காரணம் அன்று. அதன் அடியில் உள்ள பாதை மாறிவிட்டாலும் அது வேலையிழக்கும்.

பெங்களூரிலிருந்து இட்ட மீட்டர் பாதை 1882-இல் மைசூரை எட்டியது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு மேல் பணியாற்றிய இப்பாதை 1990-களில் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. நாடெங்கும் ஒரே அகலமுள்ள பாதை வேண்டுமென 1992-இல் தொடங்கிய திட்டத்தின் ஒரு பகுதி அது. மீட்டர் பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம் 1,000 மில்லிமீட்டர். அகலப் பாதையிலோ 1,676 மில்லிமீட்டர். ஆகவே மீட்டர் பாதைக்கென்று செய்யப்பட்ட டீசல் எஞ்சின்கள், உழைக்கும் வலிமை இருந்தும், ஓட இடமின்றி நின்றன.

அவற்றுள் முதன்மையானது ஒய்.டி.எம்.4 என்னும் வகை. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடமிருந்து முதலில் வாங்கப்பட்ட இவ்வகை, 1968 முதல் வாரணாசியிலேயே உற்பத்தி செய்யப்பட்டது. ஆறு சிலிண்டர்கள் கொண்ட இதன் ஆற்றல் ஏறத்தாழ 1,350 குதிரைத்திறன். எடையை ஆறு அச்சுகள் பகிர்ந்து தாங்குவதால் இலேசான தண்டவாளங்களிலும் இது ஓடக்கூடியது.

இங்கே இடமிழந்த இவ்வெஞ்சின்களுக்கு அயல்நாடுகளில் இடம் கிடைத்தது. மலேசியா, மியான்மர், தான்சானியா முதலிய நாடுகளில் மீட்டர் பாதைகள் இருந்தன. மத்திய அரசின் ரைட்ஸ் நிறுவனத்தின் மூலம் இவ்வகை எஞ்சின்கள் அங்கே சென்றன. திருச்சிராப்பள்ளியின் பொன்மலைப் பணிமனை இவற்றைப் புதுப்பிக்கும் பணியில் பங்கு கொண்டது.

வளர்ந்து வரும் சிறிய ரயில்வே ஒன்றுக்குப் புதிய எஞ்சின் வாங்கப் போதிய முதல் இருப்பதில்லை. பழையதை வாங்குவது சிக்கனம். ஆனால் ஒற்றைப் பாதையில் எஞ்சின் ஒன்று நடுவழியில் நின்றுவிட்டால் பின்வரும் வண்டிகள் யாவும் நிற்கும். பாதையை நம்பிச் சரக்கை ஒப்படைத்தவர் அடுத்த முறை லாரியை நாடுவார். ஆகவே பழைய எஞ்சினை வாங்குவோர் விலையைக் கேட்கும் முன் அதன் உடல்நிலையை அறிதல் வேண்டும்.

எஞ்சினிலிருந்து எடுத்த சிறிதளவு மசகெண்ணெயே பல உண்மைகளைக் கூறும். நிறமாலைமானியால் சோதிக்கும்போது எண்ணெயில் இரும்பு மிகுந்திருந்தால் சிலிண்டர் உறைகளும் பிஸ்டன் வளையங்களும் தேய்கின்றன என ஊகிக்கலாம். செம்பும் ஈயமும் பேரிங்குகளின் தேய்மானத்தைக் காட்டும். சிலிக்கன் இருப்பின், காற்றுவடிகட்டியைத் தாண்டிப் புழுதி உள்ளே நுழைகிறது என்பது பொருள். அச்சுகளில் மறைந்துள்ள விரிசலை மீயொலி அலைகள் கண்டுபிடிக்கும். இழுவை மோட்டார்களின் மின்காப்பைத் தனியே அளந்தறிய வேண்டும். இறுதியாக, எஞ்சின் உண்டாக்கும் மின்சாரத்தை மின்தடைகளில் செலுத்தி, நின்ற இடத்திலேயே முழுப் பளுவுடன் அதை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். பளுவின்றி இனிதே ஓடும் எஞ்சினின் குறைகள் இச்சோதனையில் வெளிப்பட்டுவிடும்.

வயதைவிடப் பராமரிப்பே முக்கியம் என்பதற்கு அமெரிக்காவிலும் சான்று உண்டு. 1987-இல் தோன்றிய விஸ்கான்சின் சென்ட்ரல் என்னும் வட்டார ரயில்வே, பெரிய ரயில்வேக்கள் கழித்த எஸ்.டி.45 எஞ்சின்களைக் கொண்டே தன் பணியைத் தொடங்கியது. இருபது சிலிண்டர்களும் 3,600 குதிரைத்திறனும் உடைய அவை எரிபொருளை மிகுதியாகச் செலவழிப்பவை. எனினும் வாங்கிய விலை மலிவாக இருந்தமையால் அச்செலவை ஈடுசெய்ய முடிந்தது. செவ்வனே பேணப்பட்டமையால் அவை பல ஆண்டுகள் உழைத்தன.

பேணுவதற்குப் பணிமனையும் உதிரி பாகங்களும் பயிற்சி பெற்ற கைகளும் வேண்டும். மைசூர் சமஸ்தான ரயில்வே 1924-இல் தன் தலைநகரிலேயே பணிமனை அமைத்துக்கொண்டதன் பொருத்தம் இதனால் விளங்கும். எஞ்சினை மட்டும் வாங்கி, இம்மூன்றையும் தேடிக்கொள்ளாத ரயில்வே, சில ஆண்டுகளில் பழைய இரும்பையே கையில் வைத்திருக்கும்.

இவ்வரலாறு மீட்டர் பாதையோடு முடிந்துவிடவில்லை. அகலப் பாதைகள் மின்மயமாகி வருவதால் டீசல் எஞ்சின்கள் பல மிகுதிப்படுகின்றன. அண்டை நாடான வங்காளதேசத்துக்கு இந்தியா 2020-இல் பத்து எஞ்சின்களையும், 2023-இல் இருபது எஞ்சின்களையும் அளித்தது. அங்கும் 1,676 மில்லிமீட்டர் பாதை இருப்பதால் அவற்றின் சக்கரங்களை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை.

மாணவர்களை மைசூர் பொருட்காட்சிச் சாலைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், எஞ்சின் எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதோடு நின்றுவிட வேண்டியதில்லை. அது ஏன் நின்றது, தேய்வினாலா, பாதை மாறியதாலா என்றும் கேட்கச் செய்யலாம். கிராமத்தில் பழைய பம்பு எஞ்சினையோ டிராக்டரையோ வாங்கும் விவசாயிக்கு யோசனை கூறும் களப்பணியாளருக்கும் இதே முறை உதவும். முந்தைய உடையவர் அதனை ஏன் விற்கிறார், எண்ணெய் என்ன காட்டுகிறது, பளுவுடன் எவ்வாறு ஓடுகிறது, உதிரி பாகம் அருகில் கிடைக்குமா என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே விலை பேசுவது நலம்.