சூரியனை விலக்கிய படக்காரர்

மலையில் ஏறும் கூட்ஸ் வண்டியைப் படம் பிடிக்கப் புறப்படுகிறவனுக்கு முதல் விரோதி சூரியன்தான். தண்டவாளம் பள்ளத்தாக்கின் போக்கை அனுசரித்து வளைந்து வளைந்து செல்வதால், ஒரு வளைவில் என்ஜினின் முகத்தில் விழுகிற வெயில் அடுத்த வளைவில் அதன் முதுகுக்குப் போய்விடுகிறது. மலையை வெட்டிப் பாதை போட்ட இடங்களிலோ நடுப்பகலிலும் ஒரு பாதி நிழல், மறு பாதி கண் கூசும் வெளிச்சம். இவை போதாவென்று, நீராவி என்ஜின் தலை முதல் சக்கரம் வரை கன்னங்கரேலென்று இருந்துகொண்டு, தன் மேல் விழும் ஒளியையெல்லாம் விழுங்கிவிட்டுச் சொற்பத்தையே திருப்பித் தருகிறது. பாசஞ்சர் வண்டியைப் போலக் குறித்த வேளைக்கு வந்து நிற்கும் வழக்கமும் கூட்ஸ் வண்டிக்குக் கிடையாது.

ஓ. வின்ஸ்டன் லிங்க் என்ற அமெரிக்கர் இந்த விரோதியை அடியோடு விலக்கிவிட்டார். அப்பலாச்சிய மலைகளின் ஊடே ஓடிய நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் ரயில்வேயின் நீராவி வண்டிகளை 1955 முதல் 1960 வரை அவர் எடுத்த படங்களுக்குச் சுமார் 2,400 நெகட்டிவ்கள் உண்டு. அவற்றில் பேர் பெற்றவை அநேகமாக எல்லாம் இரவில் எடுத்தவை. சூரியன் எப்போதும் தப்பான இடத்திலேயே இருக்கிறது, அதை நகர்த்த முடியாது, தண்டவாளத்தையும் நகர்த்த முடியாது, ஆகையால் வெளிச்சத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்ள நேர்ந்தது என்று அவர் பிற்காலத்தில் காரணம் சொன்னதுண்டு. இரவு ரயிலின் கவித்துவத்தில் மனத்தைப் பறிகொடுத்தவர்கள் இந்த விளக்கத்தைக் கேட்டுச் சற்று ஏமாற்றம் அடையக்கூடும். ஆனால் லிங்க் 1937-இல் புரூக்ளினில் பட்டம் பெற்ற சிவில் என்ஜினீயர். ஜீவனத்துக்குக் கம்பெனிகளின் விளம்பரப் படம் எடுத்தவர். அவரிடம் கவிதை இருந்ததென்றால் அது கணக்குப் போட்டுப் பிறந்த கவிதை.

1955 ஜனவரியில் ஏர் கண்டிஷனர் விளம்பர வேலையாக வர்ஜீனியா மாநிலத்து ஸ்டான்டன் நகருக்கு வந்தவர், பக்கத்து ஊரான வெய்ன்ஸ்பரோவில் நீராவி வண்டிகள் இன்னமும் ஓடுவதைப் பார்த்துவிட்டு, அந்த மாதம் 21-ஆம் தேதி இரவே முதல் படத்தை எடுத்துவிட்டார். பிறகு ரயில்வே கம்பெனிக்குக் கடிதம் எழுதி அநுமதி பெற்று, சொந்தச் செலவில் ஐந்து வருஷ காலம் நியூயார்க்கிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தார். நாட்டின் மற்றப் பெரிய ரயில்வேக்கள் டீசலுக்கு மாறிவிட்ட அல்லது மாறிக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில் இந்த ஒரு கம்பெனி மட்டும் நீராவியைக் கட்டிக்கொண்டு அழுததற்கு வெறும் பழமைப் பற்று காரணமாகாது. மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கங்களிலிருந்து நார்ஃபோக் துறைமுகத்துக்கு நிலக்கரி கொண்டு செல்வதே அதன் பிரதான வியாபாரம். தான் சுமக்கிற சரக்கையே தான் எரித்துக்கொள்ளும் சௌகரியம் அதற்கு இருந்தது. என்ஜின்களையும் ரோனோக் நகரிலிருந்த தன் பட்டறையிலேயே 1953 வரை கட்டிவந்தது.

ரோனோக்கிலிருந்து கிழக்கே போகும் பாதை புளூ ரிட்ஜ் மலையை ஏறிக் கடக்கவேண்டும். ஏற்றம் 100 அடிக்கு 1.2 அடிதான், நடந்து போகிறவனுக்கு அது ஏற்றமென்றே தெரியாது. ஆனால் இரும்பின் மேல் இரும்பு உருளும் ரயிலுக்கு, அதிலும் நிலக்கரி நிரம்பிய நூற்றுக்கு மேற்பட்ட வாகன்களைக் கோத்த வண்டிக்கு, அது மகா மேரு. முன்னால் இழுக்கிற என்ஜின்கள் போதாமல் பின்னாலிருந்தும் ஒன்று தள்ளும். இந்தக் காரியத்துக்குப் பேர்போன ஒய்-6 வகை என்ஜினுக்கு 16 ஓட்டுச் சக்கரங்கள். பாயிலரில் பிறந்த நீராவி பின்பக்கச் சிலிண்டர்களில் ஒரு தடவை உழைத்துவிட்டு, எஞ்சிய பலத்தோடு முன்பக்கத்துப் பெரிய சிலிண்டர்களில் மறுபடியும் உழைக்கும். குன்னூருக்கு ஏறும் நம் ஊட்டி ரயிலின் எக்ஸ் வகை என்ஜினிலும் இதே சிக்கனம் உண்டு. சாதாரணச் சக்கரங்களை உருட்டிய நீராவியே பல்சக்கரத்தின் சிலிண்டருக்குப் போய்ச் சேருகிறது. அங்கும் என்ஜின் பின்னாலிருந்துதான் தள்ளும் என்பது அந்த வண்டியில் போனவர்களுக்குத் தெரியும்.

இத்தகைய ராட்சதனையும் அது போகிற தெருவையும் வீட்டையும் ஆற்றையும் ஒரே நொடியில் பகலாக்கிக் காட்டுவது எப்படி? இந்த வேலைக்குப் போதுமான பலமுள்ள மின்னணு விளக்குகள் அன்று இல்லை. ஒரு தடவை எரிந்தால் கருகிப்போய்க் குப்பைக்குப் போகிற பிளாஷ் பல்புகள்தாம் இருந்தன. லிங்க் அவற்றைப் பெரிய கிண்ணம் போன்ற பிரதிபலிப்பான்களில் பொருத்தி, மரக்கிளையிலும் கூரையிலும் கம்பத்திலும் பாதையோரத்திலும் நிறுத்தி, எல்லாவற்றையும் நீளமான கம்பியால் இணைத்துக் காமிராவுக்கு அருகில் கொண்டுவந்து சேர்ப்பார். பல்புகளைத் தனித்தனிக் கிளைகளாக இணைக்காமல், நம் வீட்டுக் கொலுவில் கட்டுகிற பழைய சீரியல் செட்டைப் போல ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தார் என்பதுதான் விசேஷம். சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் எல்லாமே அணைந்துவிடுமே, இது என்ன புத்திசாலித்தனம் என்று தோன்றும். தனிக் கிளைகளாக இருந்தால், எங்கோ தொலைவில் ஒரு பல்பு ஏமாற்றிவிட்டது படத்தைக் கழுவிப் பார்க்கும்போதுதான் தெரியும்; தொடராக இருந்தாலோ, கம்பி எங்கே அறுந்திருந்தாலும் சுற்று முழுவதும் செத்துப்போய், வண்டி வருவதற்கு முன்பே சேதி தெரிந்துவிடும். எவ்வளவு தயார் செய்தாலும் சந்தர்ப்பம் ஒன்றே ஒன்றுதான். பல்புகள் எரிந்து தீர்ந்த பிற்பாடு, சரக்கு வண்டியைத் திரும்பி வரச் சொல்ல யாருக்கு அதிகாரம்? ஆகவே 4-க்கு 5 அங்குல பிலிம் போடும் காமிராக்களை ஒன்றுக்கு இரண்டாகவும் மூன்றாகவும் நிறுத்திவைத்து, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் இயக்குவார்.

1956 ஆகஸ்டு 2-ஆம் தேதி இரவு, மேற்கு வர்ஜீனியாவின் யேகர் என்ற சிற்றூரில் எடுத்த படம் இவற்றுள் மிகவும் பிரசித்தமானது. காரில் உட்கார்ந்தபடியே சினிமாப் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கு. வரிசை வரிசையாகக் கார்கள். முன்னால் திறந்த கார் ஒன்றில் ஒரு வாலிபனும் ஒரு பெண்ணும். திரையிலே ஓர் ஆகாய விமானம். அரங்குக்குப் பின்னாலிருக்கும் மேட்டில், எண் 1242 தாங்கிய ஏ வகை என்ஜின் கிழக்கு நோக்கி விரைவுச் சரக்கு வண்டியை இழுத்துக்கொண்டு, வெண்ணிற நீராவியைத் தலைக்கு மேல் வாரி இறைத்தபடி பாய்கிறது. 40-க்கும் மேற்பட்ட பல்புகள் அன்றைக்கு ஒரே சமயத்தில் எரிந்தன. அந்த வெளிச்ச வெள்ளத்தில் திரையிலிருந்த சினிமா முழுவதும் அழிந்துபோயிற்று. விமானத்தை வேறொரு நெகட்டிவிலிருந்து எடுத்துப் பின்னால் சேர்த்துத்தான் படத்தை அச்சிட்டார். முன்னால் நிற்கும் திறந்த கார் லிங்கினுடையது. அதில் இருக்கும் ஜோடியும் அவர் உட்கார வைத்தவர்கள்தாம்.

இதைச் சொன்னால், அப்படியானால் இது உண்மைப் படமா, நாடகமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நாடகம்தான், அதில் சந்தேகமில்லை. லித்தியா என்ற ஊரில் ஒரு வீட்டுக் கூடத்தில் பெண்மணி ஒருத்தி நாற்காலியில் சாவகாசமாக அமர்ந்திருக்க, ஜன்னலுக்கு வெளியே ரயில் இடித்துக்கொண்டு போகும் படமும், லூரே ஊர்ச் சிற்றாற்றில் பிள்ளைகள் குளித்துக் கும்மாளமிட, தலைக்கு மேலே பாலத்தில் வண்டி ஓடும் படமும் அவரே திட்டமிட்டு, ஒவ்வொருவரையும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கச் செய்து எடுத்தவை. ஆனால் என் அபிப்பிராயத்தில், மற்ற ரயில் படக்காரர்கள் எடுத்த நேர்மையான ஆயிரம் படங்களில் இல்லாத ஓர் உண்மை இந்த நாடகத்தில் இருக்கிறது. இருப்புப் பாதையோரத்தில் குடியிருக்கிறவன் வண்டி வரும்போதெல்லாம் எழுந்து நின்று பார்ப்பதில்லை. சாப்பிடுகிறான், தூங்குகிறான், காதலிக்கிறான். ரயிலைப் படத்தின் பின்பக்கத்துக்குத் தள்ளி, மனிதர்களின் அலட்சியத்தை முன்னால் வைக்கத் துணிந்தவர் லிங்க்.

புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. படக்காரனுக்கு என்ஜின் எவ்வளவுக்கெவ்வளவு புகைகிறதோ அவ்வளவு சந்தோஷம். ஃபயர்மேனுக்கோ கரும்புகை என்பது சரியாக எரியாமல் வீணான கரி, தன் தொழிலுக்கு ஏற்பட்ட இழுக்கு. இரவில் பிளாஷ் ஒளி எதிரே நின்று அடிக்கும்போது, பகலில் சாம்பல் நிறமாய்ச் சோபையற்றுத் தெரிகிற நீராவி, கரிய வானத்தின் மேல் பஞ்சுபோல் வெளுத்துத் தெரிவதால், இந்த இருவருக்கும் உள்ள தகராறு லிங்கின் படங்களில் ஒருவாறு தீர்ந்துவிடுகிறது.

பகலில் அவர் எடுத்தவையும் உண்டு. 3,577 அடி உயரத்திலுள்ள ஒயிட் டாப் ஸ்டேஷனுக்கு ஏறிச் செல்லும் அபிங்டன் கிளைப் பாதையில், கிரீன் கோவ் என்ற குக்கிராமத்து ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்க, வண்டியில் பூட்டிய கிழட்டுக் குதிரை தலை தாழ்த்தி நிற்கும் படம் ஒன்றைச் சொன்னால் போதும். அந்தக் கிளைப் பாதையின் ஒரு பகுதி பிற்காலத்தில் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் போகும் தடமாயிற்று. ஒலிப்பதிவு இயந்திரத்தையும் கையோடு கொண்டு திரிந்து, ஏற்றத்தில் மூச்சு வாங்கும் என்ஜின்களின் ஓசையை 1957 முதல் இசைத்தட்டுகளாக அவர் வெளியிட்டதும் இங்கே குறிப்பிடத் தக்கது.

கம்பெனி 1960 மே மாதத்தில் நீராவியை நிறுத்தியது. படங்களோ ஏறக்குறைய கால் நூற்றாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்து, 1980-களில்தான் கண்காட்சிகள் மூலமாகக் கீர்த்தி பெற்றன. 2001-இல் லிங்க் காலமானார். 2004-இல் ரோனோக்கின் பழைய ரயில் நிலையக் கட்டடத்திலேயே அவர் பெயரால் மியூசியம் திறந்தார்கள். அதே ரயில்வேயின் 611 எண் கொண்ட என்ஜினைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். அதை நிறுத்திவைத்து, பழங்காலத்து உடை தரித்தவர்களை அருகே உலவவிட்டு, கட்டணம் செலுத்தி வந்த படக்காரர்களுக்காக இரவுப் படப்பிடிப்பு நடத்துகிறார்கள். என்ஜின் சொன்ன இடத்தில் நிற்கிறது, வேண்டியபோது நீராவி விடுகிறது. கிடைக்கும் படங்களும் கண்ணுக்கு நிறைவாகவே இருக்கின்றன. யேகரில் அன்றைக்கு வாலிபனும் பெண்ணும் லிங்க் சொன்னபடி உட்கார்ந்திருந்தார்கள், வெளிச்சம் அவர் சொன்னபடி எரிந்தது, விமானம் அவர் சொன்னபடி பிற்பாடு வந்து திரையில் ஏறிக்கொண்டது. 1242 மட்டும் யாருடைய பேச்சையும் கேளாமல், கிழக்கே போய்ச் சேரவேண்டிய சரக்கை இழுத்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.