வரியும் இல்லை, வார்த்தையும் இல்லை!

விருத்தாசலத்திலிருந்து ஜயங்கொண்டம் போகும் பஸ்ஸில் ஒரு நாள் ஏறிப் பாருங்கள். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் இன்னும் விசேஷம். செம்மண் பூமி; எந்தப் பக்கம் திரும்பினாலும் முந்திரித் தோப்பு. ஆண்டிமடம் வந்ததும் இறங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பக்கத்தில் இருக்கிறது வரதராஜன்பேட்டை. அரியலூர் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைந்த ஊர்.

உங்கள் வீட்டுப் பாயசத்தில் நெய்யில் வறுத்துப் போட்டீர்களே, அந்த முந்திரிப் பருப்பு இந்தப் பக்கத்துத் தோப்பில் விளைந்ததாகக்கூட இருக்கலாம். கொட்டையை உடைத்துப் பருப்பு எடுக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. கொட்டையின் தோலில் ஒரு எண்ணெய் உண்டு. கையில் பட்டால் வெந்துவிடும்; கறையும் லேசில் போகாது.

"சமையல் குறிப்பு போலிருக்கிறது" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் சொல்ல வந்தது ஒரு கணக்கு.

2001-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில், அரியலூர் வட்டாரத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரம் பேர் என்றால், பெண் குழந்தைகள் 949 பேர் இருந்தார்கள். 2011-ல் எடுத்த கணக்கில் அது 897 ஆகிவிட்டது. தமிழ்நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் அந்த வருஷம் 943. பத்தே வருஷத்தில் ஆயிரத்துக்கு ஐம்பத்திரண்டு பெண் குழந்தைகள் எங்கே போனார்கள்? 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கு தள்ளிப்போனதால், அடுத்த பத்து வருஷத்தின் பதில் நமக்கு உடனே கிடைக்கவில்லை.

வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வது குற்றம் என்று 1994-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் ஆஸ்பத்திரி வாசல் வரை போகும். மாமியார் மனசுக்குள் போகுமா? அங்கே போக வேறு வழி வேண்டும்.

தருமபுரி காட்டிய வழி

அந்த வேறு வழியைத் தருமபுரியில் ஒரு முறை நடந்து பார்த்திருக்கிறார்கள். பெண் சிசுவைக் கொல்லும் கொடுமைக்காகப் பத்திரிகைகளில் அடிபட்ட பெயர் தருமபுரி. 1990-களின் கடைசியில் டென்மார்க் தேசத்து உதவியோடு அங்கே ஒரு சுகாதாரத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. அந்தத் திட்டத்துப் பணத்தில் ஒரு பகுதியை, மருந்துக்கும் கட்டிடத்துக்கும் போக, கூத்துக்கும் பாட்டுக்கும் செலவழித்தார்கள். 'கலைப்பயணம்' என்று அதற்குப் பெயர். உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, ஊர் ஊராக அனுப்பினார்கள்.

பட்டணத்திலிருந்து ஒருவர் வந்து, "பெண் சிசுவைக் கொல்லாதே!" என்று பிரசங்கம் செய்தால் ஜனங்கள் கொட்டாவி விடுவார்கள். பக்கத்து ஊர்ப் பெண் மேடையில் பிள்ளை பெற்றவளாக உட்கார்ந்து, சுற்றி நிற்பவர்கள் முகத்தையெல்லாம் பார்த்துவிட்டுக் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டாளானால்? கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

இதே காலத்தில்தான் சென்னையில் மீனா சுவாமிநாதன் 1993-ல் 'மௌனக்குரல்' என்ற பெண்கள் நாடக முயற்சியைத் தொடங்கினார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு ஆதரவு கொடுத்தது. அ. மங்கை இயக்கிய 'பச்சை மண்ணு' என்ற நாடகம் பெண் சிசுக் கொலையைப் பற்றியது. ஊர்ப்புறத்து மேடைகளுக்கே அதைக் கொண்டுபோனார்கள்.

பலன் உண்டா என்றுதானே கேட்கிறீர்கள்? வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் தருமபுரி அனுபவத்தை 2000-ம் வருஷம் ஆராய்ந்து எழுதினார்கள். பெண் சிசு மரணம் குறைந்ததை எடுத்துக் காட்டினார்கள். இன்றைய தருமபுரி மாவட்ட எல்லைக்குள் 2001-ல் 826 ஆக இருந்த அந்தக் கணக்கு 2011-ல் 913 ஆக உயர்ந்தது. எல்லாம் நாடகத்தின் மகிமை என்று நான் சொல்லவில்லை. தொட்டில் குழந்தைத் திட்டம் உண்டு, நர்ஸ்கள் வீடு வீடாக நடந்தது உண்டு, மகளிர் சுய உதவிக் குழுக்கள் உண்டு. ஆனால் ஊர் கூடும் இடத்தில், மூடி வைத்த விஷயத்தை முதலில் திறந்து வைக்கக் கூத்து உதவியது.

தலைக்கட்டு என்றால் யார் தலை?

"டென்மார்க்காரன் பணம் தருமபுரிக்கு வந்தது. வரதராஜன்பேட்டைக்கு யார் தருவார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நம் ஊர்களில் மேடைக்கு எப்போது பணம் இல்லாமல் போயிற்று? கோயில் திருவிழா, தேர், வாண வேடிக்கை, நாடகம், பாட்டுக் கச்சேரி, ஒலிபெருக்கி, சீரியல் விளக்கு! எல்லாம் வருஷா வருஷம் குறைவில்லாமல் நடக்கின்றன. வேலைக்காக வெளிநாடு போன பிள்ளைகள்கூடத் திருவிழாவுக்கென்று பணம் அனுப்பிவிடுகிறார்கள்.

இந்தப் பணம் வசூலாகும் விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நம் நாட்டுப் புறத்தில் பல ஊர்களில் 'தலைக்கட்டு வரி' என்று ஒன்று உண்டு. கல்யாணமான ஆண்பிள்ளை ஒரு தலைக்கட்டு. புருஷனை இழந்தவளுக்குச் சில ஊர்களில் அரை வரி; சில ஊர்களில் வரியே கிடையாது.

"வரி இல்லாவிட்டால் நல்லதாகப் போயிற்று!" என்று சொல்லிவிடாதீர்கள், அம்மா. வரி கொடுத்தவர்கள்தான் ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்து, எந்த நாடகம், எந்தக் கச்சேரி, எவ்வளவு முன்பணம் என்று முடிவு செய்கிறார்கள். வரி இல்லாதவளுக்கு அங்கே வார்த்தையும் இல்லை. அரை வரிக்காரிக்கு அரை வார்த்தையாவது உண்டா என்றால், அதுவும் சந்தேகம்தான். இத்தனைக்கும் அந்த ஆண்பிள்ளை வரி கட்டிய ரூபாயில் பாதி, வீட்டுக்காரி முந்திரி உடைத்துச் சம்பாதித்ததாக இருக்கும்!

பணம் யார் கையிலோ, மேடையும் அவர் கையில். நெடுங்காலம் நம் கூத்தில் திரௌபதி வேஷம் கட்டியவரும் ஆண்பிள்ளைதான். ஸ்திரீபார்ட் என்றால் மீசை மழித்த ஆண் என்றுதான் அர்த்தம்.

கும்பகோணத்து ராணி

இதை மாற்றிக் காட்டியவர் ஒருவர் இருந்தார். கும்பகோணம் பாலாமணி அம்மாள். பெண்களே நடிக்கும் நாடகக் கம்பெனி ஒன்றை ஏறக்குறைய நூற்றிருபது வருஷங்களுக்கு முன்பே நடத்தினார். ராஜா வேஷமும் பெண், மந்திரி வேஷமும் பெண். அவர் நாடகத்தைப் பார்க்க ஸ்பெஷல் ரயில் விட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! டிக்கெட் வசூல் கொட்டியது. அந்தப் பணத்தில் எத்தனையோ ஆதரவற்ற பெண்களுக்குச் சோறும் தொழிலும் கொடுத்தார்.

கடைசியில் என்ன ஆயிற்று? வசூல் வற்றியது, கம்பெனி கலைந்தது, மதுரையில் அவர் வறுமையில் காலமானார் என்று நாடக வரலாறு சொல்கிறது. ஒருத்தியின் சாமர்த்தியத்தில் நிற்கிற மேடை, அவள் சாய்ந்தால் சாய்ந்துவிடும். ஊரே சேர்ந்து தாங்குகிற மேடைதான் நிலைக்கும்.

திண்டுக்கல்லில் 1990-ல் தொடங்கிய 'சக்தி' கலை மையம் இன்னொரு உதாரணம். சிஸ்டர் சந்திரா என்ற கன்னியாஸ்திரீ ஏழைப் பெண்களைச் சேர்த்து, அவர்கள் கையில் பறையைக் கொடுத்தார். பறை என்றால் ஆண்பிள்ளை அடிப்பது, அதிலும் சாவு வீட்டில் அடிப்பது என்று ஒதுக்கி வைத்திருந்த காலம். அந்தப் பெண்கள் பறையை அடித்துக்கொண்டே ஆடினார்கள், தையலும் படித்தார்கள். கடல் கடந்தும் அந்தப் பறையின் ஓசை போயிருக்கிறது. கத்தோலிக்கத் துறவி ஒருவர் காட்டிய வழி, கத்தோலிக்க ஊரான வரதராஜன்பேட்டைக்கு அந்நியமாகவா இருக்கும்?

பட்ஜெட் போடுவோமா?

நாம் பெண்கள், வீட்டுக் கணக்கு எழுதத் தெரிந்தவர்கள். ஊர்ப் பெண்கள் நாடகம் ஒன்றுக்கு என்னென்ன செலவு என்று எழுதிப் பார்ப்போம். மைக் செட்டும் விளக்கும் திருவிழாவுக்கு வந்ததே போதும். இன்னும் ஒரு ராத்திரி வாடகை கொடுத்தால் முடிந்தது. வேஷத்துக்கு வீட்டுப் புடைவை, எதிர் வீட்டு வேஷ்டி.

பெரிய செலவு வேறே. ஒத்திகைக்கு வருகிற நாளில் அவளுக்குக் கூலி போய்விடும். அதை யாராவது ஈடு செய்ய வேண்டும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பாட்டிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இருட்டிய பிறகு பத்திரமாக வீடு சேர ஒரு ஆட்டோ வேண்டும். ஒத்திகை நடக்கும் இடத்தில் கதவுள்ள கக்கூஸ் வேண்டும். ஆண்பிள்ளைக் குழுவின் பட்ஜெட்டில் இந்த வரிகளே இருக்காது. அதனால்தான், "மேடை எல்லாருக்கும் பொது, பெண்கள்தான் வருவதில்லை" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். மேலே சொன்ன நாலு செலவையும் யாராவது ஏற்றுக்கொண்டால், வருகிறார்களா இல்லையா என்று பாருங்கள்!

இதற்குச் சீமைப் பணம் தேவையில்லை. சுய உதவிக் குழுக்கள் மாதா மாதம் சேமிக்கின்றன. ஆளுக்குப் பத்து ரூபாய் தனியே எடுத்து வைத்தால் 'மேடை உண்டியல்' ஆகிவிடும். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் ஆயிற்று. 2022-ல் பேரூராட்சித் தேர்தல்களும் அதன்படி நடந்தன. நாற்காலி கிடைத்த சகோதரிகள் ஊர்க் கூட்டத்தில், "திருவிழா வசூலில் ஒரு ராத்திரி எங்கள் நாடகத்துக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். இனி முழுத் தலைக்கட்டு வரியே கொடுக்கிறோம் என்றும் சேர்த்துச் சொல்லலாம். வரி வாங்கிக்கொண்ட பிறகு வார்த்தையை மறுக்க முடியுமா?

தருமபுரியில் திட்டம் முடிந்ததும் திட்டத்துப் பணமும் போயிற்று. சொந்த உண்டியலில் நடக்கும் நாடகத்துக்கு அந்தப் பயம் இல்லை. கதையையும் அவர்களே முடிவு செய்வார்கள்.

பட்டணத்தில் இருக்கும் நீங்கள் என்ன செய்யலாம்? உங்கள் குடியிருப்பு மாதர் சங்கம் மார்ச் 8-ம் தேதி கோலப் போட்டியும் சமையல் போட்டியும் வைக்கிறது அல்லவா? வைக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? கூடவே கிராமத்துப் பெண்கள் குழு ஒன்றை அழைத்து ஆடச் சொல்லுங்கள். முறையான சன்மானம் கொடுங்கள். பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, வெறுங்கையோடு அனுப்பிவிடாதீர்கள். பொன்னாடையைப் போட்டு அடுப்பெரிக்க முடியாது! உங்கள் சொந்த ஊர்த் திருவிழாவுக்கு நன்கொடை அனுப்பும்போது, "இதில் பாதி பெண்கள் நாடகத்துக்கு" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். கேட்டுக் கொடுக்கிற பணத்துக்கு மதிப்பு அதிகம்.

அடுத்த திருவிழா ராத்திரியை நினைத்துப் பாருங்கள். முந்திரிக் கறை படிந்த கைகளில் ஒரு துணிப் பொம்மை. மேடையில் தாய், அதை மடியில் வைத்துத் தாலாட்டுகிறாள். கீழே முதல் வரிசையில் அவள் மாமியார். பொம்மைதான் என்று தெரிந்திருந்தும் அந்த அம்மாளின் கை, குழந்தையை வாங்கிக்கொள்ளத் தானாக நீளுகிறது.

அந்த ஒரு கை நீண்டுவிட்டால், உண்டியலில் போட்ட பத்து ரூபாய்க்குக் கணக்கு நேராகிவிட்டது!