டம்ளரில் தெரியும் பழுப்பு

ஆர்.ஓ. இயந்திரம் விற்க வீட்டுக்கு வருபவர்கள் ஒரு சோதனை காட்டுவதுண்டு. ஒரு டம்ளரில் நம் வீட்டுத் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை இறக்கி மின்சாரம் விடுவார்கள். நம் தண்ணீர் பழுப்பாகிக் கசடு திரளும். அவர்களுடையது அப்படியே இருக்கும். பிள்ளைகளுக்கு இதையா கொடுத்தோம் என்று தாய்மார்கள் பதறிவிடுகிறார்கள்.

அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. கம்பியின் இரும்பு கரைந்து உண்டான துரு. 1 ஆம்பியர் மின்சாரம் 1 மணி நேரம் பாய்ந்தால் சுமார் 1 கிராம் இரும்பு கரையும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. மின்சாரம் பாயாது, கம்பியும் கரையாது. அதில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். (வீட்டு மின்சாரத்தில் ஓடும் கருவி; நீங்கள் தொட வேண்டாம்.)

இதே துரு டேனரி கழிவுநீரில் நல்ல வேலை செய்யக்கூடியது. சாயம், கொழுப்பு, குரோமியம் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு கசடாகப் பிரியும். ருத்தேனியம் பூசிய டைட்டானியம் தகடு கரையாமல் பல காலம் உழைக்கும், ஆனால் விலை அதிகம். இரும்புத் தகடு மலிவு. கரையக் கரைய மாற்ற வேண்டும். கசடை வைப்பதற்கும் செலவு உண்டு. ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31 அன்று கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்ததை நாம் மறக்கவில்லை.

இரும்புத் தகட்டால் ஆகாத காரியம் உப்பை நீக்குவது. பச்சைத்தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு, ஊறவைக்கும்போது நீரில் இறங்கிவிடுகிறது. பாலாற்று மாசு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் நம் கிணறுகளை விடாத தொல்லை இதுதான். காய்ச்சினாலும் உப்பு போகாது. ஆர்.ஓ. அதை நீக்கும், ஆக, இயந்திரம் பொய்யல்ல, சோதனைதான் பொய்.

நம் வீட்டுக்கு அது தேவையா என்பதை ஆய்வக முடிவு சொல்லட்டும். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காதபோது 2000 வரை அனுமதி. குரோமியத்துக்கு வரம்பு 0.05 மில்லிகிராம். கையடக்க டி.டி.எஸ். மீட்டர் உப்பை மட்டுமே காட்டும், குரோமியத்தைக் காட்டாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். குரோமியத்தையும் பார்க்கும்படி தனியே கேளுங்கள். முடிவுத்தாள் புரியாவிட்டால் நம் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து படித்துச் சொல்கிறோம்.