வியூஸ் வருது... ஆனா போன் வரலையா? உள்ளூர் தொழில் செய்வோர் சமூக வலைதளத்தில் கவனிக்க வேண்டியது என்ன?

ஏசி சர்வீஸ், பிளம்பிங், தையல், ஆரி வொர்க், மெஹந்தி என சொந்த ஊரிலேயே சின்னதாகத் தொழில் செய்யும் பலர் இன்ஸ்டாகிராமில் கணக்கு வைத்திருக்கிறார்கள். வீடியோ போடுகிறார்கள், லைக்ஸும் வருகிறது. ஆனால், "வியூஸ் போகுது, வேலை மட்டும் வர மாட்டேங்குது" என்பதுதான் பலரின் புலம்பல்.

திருச்சியில் ஏசி சர்வீஸ் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய ரீல்ஸை கோவையில் 10,000 பேர் பார்த்தாலும் பைசா பிரயோஜனம் இல்லை. தில்லை நகரிலும் உறையூரிலும் 100 பேர் பார்த்தால் அந்த சீசனுக்கே வேலை கிடைத்துவிடும். பக்கத்துத் தெருக்காரர் கண்ணில் படுவது எப்படி? பார்க்கலாம்.

முதலில் கூகுள் மேப்

சித்திரை வெயிலில் ஏசி நின்றுவிட்டால், ரீல்ஸ் பார்த்து மெக்கானிக்கைத் தேட யாருக்கும் பொறுமை இருக்காது. கூகுளில் 'ஏசி சர்வீஸ் நியர் மீ' என்று தட்டுவார்கள். அங்கே உங்கள் பெயர் வர, 'கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்' வேண்டும். இது முற்றிலும் இலவசம்.

கடை இல்லையா? பரவாயில்லை. வீடு வீடாகப் போய் வேலை செய்பவர்களும் பதிவு செய்யலாம். வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிக்கு வருவீர்கள் என்று 20 இடங்கள் வரை குறிப்பிடலாம்.

யார் பெயர் மேலே வரும்? தேடியதற்குப் பொருத்தமானவரா, எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், எந்த அளவுக்கு அறியப்பட்டவர் என்ற 3 விஷயங்களைத்தான் கூகுள் முக்கியமாகச் சொல்கிறது. விளம்பரம் கொடுப்பது தனி. மற்றபடி, காசு கட்டி இந்த வரிசையில் முந்த முடியாது. "உங்க பேரை ஃபர்ஸ்ட் கொண்டு வர்றோம், 5,000 ரூபாய் கட்டுங்க" என்று போன் வந்தால் உஷாராகிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் வாடிக்கையாளருக்கு ரிவ்யூ லிங்க் அனுப்பி, கருத்து எழுதச் சொல்லலாம். தவறில்லை. ஆனால், "5 ஸ்டார் போட்டா 100 ரூபாய் குறைச்சுக்கறேன்" என்பது கூகுளின் விதிமீறல். அப்படி வாங்கிய ரிவ்யூ நீக்கப்படலாம். யாராவது திட்டி எழுதினால் சண்டைக்குப் போகாமல், என்ன நடந்தது என்று 2 வரியில் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். அடுத்து வருபவர் அந்தப் பதிலையும் படிப்பார்.

பழைய வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்

'வாட்ஸ்அப் பிசினஸ்' செயலி 2018 முதல் இருக்கிறது. வேலை நேரம், செய்யும் வேலைகள், கட்டணம் எல்லாவற்றையும் அதில் பதிந்து வைக்கலாம். நீங்கள் ஏணி மேல் நின்று வேலை பார்க்கும்போது மெசேஜ் வந்தால், "மாலை 6 மணிக்குக் கூப்பிடுகிறேன்" என்று தானாகப் பதில் போகும்படியும் செய்யலாம்.

பழைய வாடிக்கையாளர்களை 'பிராட்காஸ்ட்' பட்டியலில் சேர்த்து, பிப்ரவரி கடைசியில் ஒரே ஒரு மெசேஜ் அனுப்புங்கள். "வெயில் ஆரம்பிக்குது, ஏசியை ஒருமுறை பார்த்துடலாமா?" என்று கேட்டால் போதும். ஒன்றை மறக்கக் கூடாது. உங்கள் எண்ணை சேவ் செய்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். அதனால் வேலை முடிந்து கிளம்பும்போதே, "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க சார்" என்று சொல்லிவிடுங்கள். தினமும் 'குட் மார்னிங்' அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்கள்.

ரீல்ஸில் என்ன போடலாம்?

* தூசி அடைத்த ஃபில்டர், கழுவிய பிறகு அதே ஃபில்டர். முன்னும் பின்னும் காட்டும் 20 விநாடி வீடியோ போதும்.
* ஃபில்டரை வீட்டிலேயே கழுவுவது எப்படி என்று சொல்லிக் கொடுங்கள். வேலை போய்விடும் என்ற பயம் வேண்டாம். கேஸ் லீக் ஆகும்போது, சொல்லிக் கொடுத்தவரைத்தான் கூப்பிடுவார்கள்.
* ஊர், ஏரியா பெயர், குறைந்தபட்சக் கட்டணம் மூன்றும் இருக்கட்டும்.
* வாடிக்கையாளர் வீட்டில் வீடியோ எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். கதவு எண், குடும்பத்தினர் முகம் வேண்டாம்.
* இன்ஸ்டாகிராமில் பிசினஸ் கணக்குக்கு சினிமா பாட்டு பலவும் கிடைக்காது. உங்கள் குரலிலேயே பேசுங்கள்.

காசு கொடுத்து விளம்பரம் செய்வதாக இருந்தால், உங்கள் ஏரியாவைச் சுற்றி சில கிலோமீட்டருக்கு மட்டும் காட்டும்படி தேர்வு செய்யுங்கள். கட்டணத்துக்கு 18% ஜிஎஸ்டி உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பெரிய ஆர்டர்... பெரிய ஆபத்து!

நம்பரைப் பொதுவில் போட்டால் மோசடிக்காரர்களும் கூப்பிடுவார்கள். "ராணுவ முகாமிலிருந்து பேசுறேன், 10 ஏசி சர்வீஸ் பண்ணணும், அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்பது பழைய டெக்னிக். ஸ்கேன் செய்து யுபிஐ பின் போட்டால், உங்கள் கணக்கில் இருந்துதான் பணம் போகும். பணம் வாங்குவதற்கு பின் தேவையே இல்லை. இந்த ஒரு விதி தெரிந்தால் போதும்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு.

வாட்ஸ்அப்புக்கு வரும் 6 இலக்க எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது. 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டு வைப்பதும் அவசியம். கணக்கு பறிபோனால், உங்கள் பெயரில் உங்கள் வாடிக்கையாளர்களிடமே பணம் கேட்பார்கள்.

ஒரு நோட்டு இருக்கட்டும்

2020 ஜூன் 29-ல் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. டிக்டாக்கை மட்டுமே நம்பி இருந்தவர்கள், சேர்த்து வைத்த ஃபாலோயர்களை மொத்தமாக இழந்தார்கள். ஹேக் ஆனாலும், கணக்கு முடக்கப்பட்டாலும் இதே கதிதான்.

அதனால் வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், ஏரியா, என்ன ஏசி, கடைசியாக சர்வீஸ் செய்த தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்த செயலி போனாலும், அடுத்த கோடைக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்பது அந்த நோட்டில் இருக்கும்.