மருந்து கொடுக்கலாமா? – ஆட்டிசம் உள்ள குழந்தையின் ஆக்ரோஷ நடத்தை குறித்துப் பெற்றோருக்கு ஒரு விளக்கம்

எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு ஒன்பது வயது மகனுடன் ஒரு தம்பதியர் வந்தனர். நாங்கள் எதுவும் கேட்கும் முன்பே தாய் தம் புடவைத் தலைப்பை விலக்கி முழங்கையைக் காட்டினார். பல் பதிந்த வடுக்கள், ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. "ஏதாவது மாத்திரை எழுதிக் கொடுங்கள் டாக்டர், இனி என்னால் முடியாது" என்றார். தந்தை உடனே குறுக்கிட்டார்: "மாத்திரை மட்டும் வேண்டாம் டாக்டர். கொடுத்தால் பிள்ளை மந்தமாகி ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவான்."

இருவரில் யார் சொல்வது சரி? இந்தக் கேள்வியை வாரம் ஒருமுறையேனும் நாங்கள் எதிர்கொள்கிறோம். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு.

முதலில் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்த வேண்டும். ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் மருந்து இன்று எதுவும் இல்லை. பேச்சைக் கொண்டுவரும் மாத்திரை, கண் பார்த்துப் பழகச் செய்யும் மாத்திரை என்று யாரேனும் விற்றால் நம்ப வேண்டாம். நாங்கள் இங்கே பேசும் மருந்துகள், ஆட்டிசத்துடன் சேர்ந்து சில குழந்தைகளிடம் காணப்படும் கடும் எரிச்சல், பிறரை அடித்தல், கடித்தல், தன் தலையைச் சுவரில் மோதுதல், அடக்க முடியாத சினவெடிப்பு ஆகியவற்றின் கடுமையைக் குறைப்பவை. அவ்வளவே.

மருந்துச் சீட்டைக் கையில் எடுக்கும் முன் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "இந்தக் குழந்தைக்கு எங்கேனும் வலிக்கிறதா?" என்பதாகும். வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தைக்குக் கையும் பல்லுமே மொழி. இதை நாங்களும் பட்டுத்தான் கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன், பேச்சு வராத ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தன் கன்னத்தில் ஓயாமல் அறைந்துகொள்வதாகவும், தடுக்க வருபவர்களை அடிப்பதாகவும் அழைத்து வந்தனர். வாயைத் திறந்து காட்ட அவள் இசையவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. மருந்தைத் தொடங்கினோம், அளவையும் கூட்டினோம். மூன்றாம் வருகையில்தான், அவள் அறைந்துகொள்வது எப்போதும் இடக்கன்னத்தில் என்பதை அவளுடைய பாட்டி சுட்டிக்காட்டினார். பல் மருத்துவர் மயக்கமருந்து கொடுத்துப் பார்த்தபோது இடப்பக்கக் கடைவாய்ப் பற்கள் இரண்டு சொத்தையாகிச் சீழ் பிடித்திருந்தன. பல்லுக்குச் சிகிச்சை முடிந்த சில நாட்களில் அறைதல் நின்றது. நாங்கள் கொடுத்த மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். அந்தப் பாட்டிக்கு நாங்கள் இன்றும் கடன்பட்டிருக்கிறோம்.

ஆகவே திடீரென ஆக்ரோஷம் கூடினால் பல், காது, தொண்டை, வயிறு ஆகியவற்றை முதலில் சோதிக்கச் சொல்கிறோம். மலச்சிக்கல் இக்குழந்தைகளிடம் மிகப் பரவலானது. ஆயினும் "தினமும் போகிறான்" என்ற பதிலோடு அது விடுபட்டுப்போகிறது. எவ்வளவு, எவ்வளவு கெட்டியாக என்பதையும் கவனிக்க வேண்டும். தூக்கக் குறைவு, பூப்பெய்திய பெண் குழந்தைகளின் மாதவிடாய் வலி, வலிப்பு ஆகியவையும் காரணமாகலாம். வலிப்புக்குக் கொடுக்கப்படும் லெவெடிரசெட்டம் போன்ற மருந்துகளே சில குழந்தைகளிடம் எரிச்சலைத் தூண்டுவதுண்டு. அப்படி ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தாமாக நிறுத்திவிட்டால் வலிப்பு கடுமையாகத் திரும்பக்கூடும்.

உடலில் காரணம் ஏதுமில்லை என்றால் அடுத்து ஒரு குறிப்பேடு. நாற்பது பக்க நோட்டுப் போதும். இரண்டு வாரங்களுக்கு, ஒவ்வொரு முறை அடித்தபோதும் கடித்தபோதும் மூன்று செய்திகளை எழுதச் சொல்கிறோம்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதன்பின் நீங்கள் என்ன செய்தீர்கள். "எந்தக் காரணமும் இல்லாமல் அடிக்கிறான்" என்று சொன்ன பெற்றோர் பலர், இந்த நோட்டைப் படித்த பின் அவ்வாறு சொல்வதில்லை. ஒரு வீட்டில் குக்கர் விசில் சத்தத்துக்கும் கடிப்பதற்கும் இருந்த தொடர்பு தெரிந்தது. சமையல் நேரத்தில் குழந்தையைத் தாத்தா மொட்டை மாடிக்கு அழைத்துச் செல்லத் தொடங்கியதும் காலைநேரச் சிக்கல் பாதி தீர்ந்தது. இன்னொரு வீட்டில், பள்ளி வேனிலிருந்து இறங்கியதும் பையன் தங்கையை அடிப்பான். அடி நிற்கட்டும் என்று கைப்பேசியைக் கொடுப்பார்கள். அடித்தால் கைப்பேசி வரும் என்பதை அவன் நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தான். அந்தப் பெற்றோரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. களைத்து நிற்கும் நேரத்தில் எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள். கைப்பேசியைக் கேட்க அவனுக்கு ஒரு பட அட்டையைக் கற்றுக்கொடுத்தோம். அட்டையைக் காட்டினால் கிடைக்கும், அடித்தால் கிடைக்காது என்று வீட்டில் எல்லோரும் ஒரே முறையைக் கடைப்பிடிக்கச் செய்தோம். முதல் வாரம் அடி இன்னும் கூடியது. இது எதிர்பார்க்கத்தக்கதே, முன்கூட்டித் தெரியாவிட்டால் பெற்றோர் அந்த வாரத்திலேயே கைவிட்டுவிடுவர்.

இவ்வளவும் செய்தும் போதவில்லை என்றால்? அல்லது இவற்றைச் செய்து பார்க்கும் அவகாசமே இல்லை என்றால்? தலையை மோதிக்கொள்வதால் கண்ணுக்கோ மண்டைக்கோ ஊறு நேரும் நிலை, உடன்பிறந்த சிறு குழந்தைக்கு ஆபத்து, சினத்தில் சாலையில் ஓடிவிடுதல், பயிற்சி வகுப்பில் ஐந்து நிமிடம்கூட இருக்க முடியாமை போன்ற சூழல்களில் மருந்தைத் தள்ளிப்போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அங்கே மருந்து, பயிற்சி நுழைவதற்கான வாசலைத் திறந்துவைக்கிறது. மருந்து தொடங்குவதால் தாம் தோற்றுவிட்டோம் என்று சில தாய்மார்கள் எங்கள் முன் அழுகிறார்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவரை யாரும் தோற்றவர் என்பதில்லை.

இந்த நோக்கத்துக்காக மிகுதியும் ஆராயப்பட்டவை ரிஸ்பெரிடோன், அரிபிபிரசோல் ஆகிய இரு மருந்துகள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் முன்னதை 2006-இலும் பின்னதை 2009-இலும் ஆட்டிசக் குழந்தைகளின் எரிச்சல் நடத்தைக்கென ஏற்றது. 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 5 முதல் 17 வயது வரையிலான 101 குழந்தைகள் பங்கேற்றனர். எட்டு வாரங்களில், ரிஸ்பெரிடோன் பெற்றவர்களில் 69 விழுக்காட்டினரிடம் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. மருந்தற்ற போலி மாத்திரை பெற்றவர்களிடம் 12 விழுக்காடு மட்டுமே. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு இது வலுவான சான்று. பத்துக் குழந்தைகளில் மூன்று பேருக்கு அது பயன் தரவில்லை என்பதையும் அதே எண் சொல்கிறது.

அதே ஆய்வில் மருந்து பெற்ற குழந்தைகளின் எடை எட்டு வாரங்களில் சராசரியாக 2.7 கிலோ கூடியது, மற்றவர்களுக்கு 0.8 கிலோ. பக்கவிளைவுகளில் நாங்கள் மிகவும் அஞ்சுவது இதைத்தான். விந்தை என்னவெனில், பெற்றோர் பலர் இதைப் பக்கவிளைவாகவே கருதுவதில்லை. "முன்பெல்லாம் இரண்டு வாய்கூடச் சாப்பிடமாட்டான், இப்போது மூன்றாம் முறை சோறு கேட்கிறான்" என்று மகிழ்ச்சியோடு சொல்கிறார்கள். அந்தப் பசி மருந்தால் வந்தது. ஆகவே தொடங்கும் நாளிலேயே எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்று இரத்தச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பதிவு செய்துவிட்டு, பின்னர் குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் பார்க்கிறோம். பிஸ்கட், குளிர்பானம் ஆகியவற்றை வீட்டில் வாங்கி வைக்காமல் இருப்பதே எளிது. வாங்கி வைத்துவிட்டுக் கொடுக்காமல் இருப்பது அடுத்த சண்டைக்கு வழிவகுக்கும்.

தூக்கக் கலக்கம், வாய்நீர் வடிதல், கை நடுக்கம், உடல் விறைப்பு ஆகியவையும் வரலாம். ரிஸ்பெரிடோன் புரொலாக்டின் என்னும் ஹார்மோனை உயர்த்தக்கூடும். அதனால் ஆண் குழந்தைக்கு மார்பு பெருக்கலாம், பெண் குழந்தைக்கு மாதவிடாய் தடைப்படலாம். நாக்கு, உதடு, முகம் தாமாக அசையும் நிலை அரிதாக நெடுங்காலப் பயன்பாட்டில் தோன்றலாம். அதைக் கண்டால் காத்திராமல் தெரிவிக்க வேண்டும். கடும் காய்ச்சலுடன் உடல் விறைத்து, நினைவு தடுமாறினால் அது அவசரநிலை. உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.

இனி அந்தத் தந்தையின் அச்சத்துக்கு வருவோம். பகல் முழுதும் தூங்கி வழியும் குழந்தையை "அமைதியாகிவிட்டான்" என்று நாங்கள் எழுதுவதில்லை. அளவோ, கொடுக்கும் நேரமோ, மருந்தோ பொருந்தவில்லை என்பதே அதன் பொருள். சிரிப்பும் குறும்பும் தனக்குப் பிடித்த விளையாட்டும் குறையாமல் அடி மட்டும் குறைய வேண்டும். அந்த வகையில் தந்தையின் கண் எங்களுக்குத் தேவை.

மருந்து தொடங்குவதென்று முடிவானால், எந்த நடத்தை குறைய வேண்டும் என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, வாரத்துக்கு எத்தனை முறை நிகழ்கிறது என்று முன்னரே எண்ணிவைக்கச் சொல்கிறோம். மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுகிறோம். மூன்று, நான்கு வாரங்களில் ஒரு மதிப்பீடு. ஆறு வாரங்களாகியும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லையெனில் அம்மருந்தைத் தொடர்வதில் பொருளில்லை. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. பயனில்லாத மருந்தோடு இரண்டாவது, மூன்றாவது மருந்தைச் சேர்த்துக்கொண்டே போவதை நாங்கள் விரும்புவதில்லை. மருந்துடன் பெற்றோர்க்கான நடத்தைப் பயிற்சியும் சேர்ந்தால் பலன் கூடுவதாக 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. அக்குழுவினருக்குத் தேவைப்பட்ட மருந்தின் அளவும் சற்றுக் குறைவாகவே இருந்தது.

"வாழ்நாள் முழுவதும் கொடுக்க வேண்டுமா?" என்பது அடுத்த கேள்வி. அப்படி நாங்கள் தொடங்குவதில்லை. ஆனால் விரைந்து நிறுத்துவதும் நல்லதன்று. ஏறத்தாழ ஆறு மாதங்கள் மருந்தால் பயன்பெற்ற 32 குழந்தைகளை ஓர் ஆய்வில் இரு குழுக்களாகப் பிரித்தனர். மருந்து விலக்கப்பட்ட 16 பேரில் 10 பேருக்குப் பழைய நடத்தை திரும்பியது. தொடர்ந்தவர்களில் இருவருக்கு மட்டுமே. எனவே நிலைமை சீரான பின், தேர்வுக்காலமோ வீடு மாறும் காலமோ அல்லாத ஒரு நேரம் பார்த்து, அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்க்கிறோம். சில குழந்தைகளுக்கு நிறுத்த முடிகிறது. சிலருக்குக் குறைந்த அளவு தொடர வேண்டியிருக்கிறது.

இரண்டு சிறு வேண்டுகோள்கள். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டு, பரிசோதனைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். வேறு முறை மருந்துகள், உறவினர் சொன்ன சூரணம், தூக்க மருந்து எதுவாயினும் மறைக்காமல் சொல்லுங்கள்; நாங்கள் கடிந்துகொள்ளப்போவதில்லை.

தொடக்கத்தில் சொன்ன தம்பதியர் அன்று மருந்து இல்லாமல்தான் திரும்பினர். நோட்டும் மலச்சிக்கலுக்கான மருந்தும் கொண்டு சென்றனர். இரண்டு வாரங்களில் கடிப்பது நாளொன்றுக்கு எட்டிலிருந்து ஐந்தாகியது. தாயின் கை அப்போதும் ஆறவில்லை. இரவில் அவர் மூன்று மணி நேரம்கூடத் தூங்குவதில்லை என்பதை அன்றுதான் தந்தை எங்களிடம் சொன்னார். மருந்தைத் தொடங்கலாம் என்று சொன்னவரும் அவரே. குறைந்த அளவில் ரிஸ்பெரிடோன் தொடங்கினோம். ஆறாம் வாரத்தில் கடிப்பது வாரத்துக்கு மூன்று முறையாகியிருந்தது, எடை ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. மாலையில் பையனுடன் நடக்கத் தந்தை பொறுப்பேற்றார். இப்போது பதினொரு மாதங்கள் ஆகின்றன. அடுத்த மாதம், பள்ளி விடுமுறையில், அளவைக் குறைக்கத் தொடங்க இருக்கிறோம். நோட்டு மீண்டும் திறக்கப்பட்டிருக்கிறது.